தபீதாளின் தாலி நெருப்பு

ரேணிகுண்டா ரயில்வே குடியிருப்பில் இருந்த தபீதாள் 1924ஆம் வருஷத்துக்குப் பிறகு நெருப்புப்பெட்டி வாங்கியதில்லை. பெட்டி காலணா விற்ற காலம். அவளுக்குத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அடுப்பில் சுள்ளியை அடுக்கி, குனிந்து கழுத்துத் தாலியை அதில் படவைப்பாள், பற்றிக்கொள்ளும். சிலுவை பொறித்த அந்தத் தாலி எந்நேரமும் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. மஞ்சள் கயிறு கருகவில்லை, அவள் மார்பில் ஒரு கொப்புளம் இல்லை. புருஷன் சாந்தகுமார் எஞ்சினில் கரி போடுகிறவன். நாலே நாளில் பழகிக்கொண்டான்.

சித்தூரிலிருந்து வந்த ஒரு காகிதம்தான் தாலியைச் சூடேற்றியது. அவள் பிறந்த புத்தூர்ப் பக்கத்து மிஷன் சபையில், கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்க வேண்டும்: இன்னாரும் இன்னாரும் மணக்கிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. அதன்பின் சித்தூர் சர்க்கார் கச்சேரியிலிருந்து லைசென்ஸ் வர வேண்டும். தபீதாளுக்கு மூன்று ஓலையும் வாசித்தாகியிருந்தது, ஆனால் சூளூர்பேட்டை மாப்பிள்ளை ஒருவனோடு. அவன் காலராவில் போய்விட்டான். பிறகு சாந்தகுமார் அமைந்தான்; அவனுக்குக் கிடைத்தது நாலு நாள் லீவு. உபதேசியார் ஏசுரத்தினம் நல்ல மனுஷர், சட்டம் தெரியாதவர். “பொண்ணு அதே பொண்ணுதானே. வாசிச்ச ஓலை வாசிச்சதுதான். லைசென்சு பின்னால வந்துக்கினு இருக்கும்” என்றார். மே எட்டாம் தேதி ஜெபம் பண்ணித் தாலியை எடுத்துக் கொடுத்தார். இருநூறு பேர் சாப்பிட்டார்கள்.

ஜூன் மாதம் லைசென்ஸ் வரவில்லை, காகிதம் வந்தது. இந்தக் கல்யாணம் செல்லாது. புதிதாக ஓலை வாசித்து மறுபடியும் கட்டவும். அன்றைக்கே தாலி காய ஆரம்பித்தது. பந்தியில் இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றவர்கள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மறுவருஷம் கிருபாபாய் பிறந்தாள். ரேணிகுண்டா சபையின் போதகர் தேவானந்தம் ஐயர், ஞானஸ்நானப் புத்தகத்தில் தகப்பன் பெயர் எழுத மாட்டேன் என்றார். ஐந்து நிமிஷ வேலை, மறுபடி கட்டிக்கொள்ளேன் என்று புத்தி வேறு சொன்னார்.

“மறுபடியும் கட்டிக்கினா, அதுவரைக்கும் நான் யாருங்கையா? எம்பொண்ணு யாரு?” என்றாள் தபீதாள். ஐயர் புத்தகத்தை மூடிவைத்தார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள்.

முகூர்த்த மாதங்களில் திருப்பதி ரயிலில் மாலையும் கழுத்துமாகப் புது ஜோடிகள் வந்து இறங்குவார்கள். அவர்களில் ஒருவரிடமும் எந்தக் கச்சேரியும் லைசென்ஸ் கேட்டதில்லை. அந்த நாட்களில் தாலி மூட்டிய நெருப்பு மிஞ்சி, அவள் அடுப்பில் சோறு அடிப்பிடித்தது.

வருஷம் தவறாமல் மே எட்டாம் தேதி தன் கல்யாணத்தைப் பதியச் சொல்லி, சந்திரகிரி வழியாக ரயிலேறிச் சித்தூர்க் கச்சேரிக்குப் போவாள். குமாஸ்தா சம்பத் வருஷம் தவறாமல் சிரிப்பான். 1931இல் கிருபாபாய்க்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் எழுத வேண்டியிருந்தது. “இன்னைய தேதின்னா இப்பவே போட்டுத் தரேம்மா” என்றான் சம்பத். “இருபத்திநாலு, மே எட்டு. அத எழுது” என்றாள். அவன் பேனாவைக் கீழே வைத்தான். தபீதாள் பெரிய பதிவுப் புத்தகத்தின்மேல் தாலி படக் குனிந்தாள்.

காகிதம் எரியவில்லை. 8 மே 1924, தபீதாள், சாந்தகுமார் என்று பழுப்பு எழுத்தில் பதிந்தது. சம்பத் கத்தியால் சுரண்டினான். பக்கத்தைக் கிழித்தான், அடுத்த பக்கத்திலும் அதுவே இருந்தது. சாயங்காலத்துக்குள் கடைசிப் பக்கம்வரை கிழித்தான். பிறகு மேஜைப் பலகையில் தெரிந்தது. அதிகாரி வந்து பார்த்து, மேஜையைக் கிழிக்க முடியாதென்பதால் கையெழுத்துப் போட்டார். அந்த மேஜை நெடுங்காலம் ரிக்கார்டு அறையில் மற்ற புத்தகங்களோடு இருந்தது.

ஐயர் தகப்பன் பெயரை எழுதினார். தாலி இனி ஆறிவிடும் என்று எல்லாரும் நினைத்தார்கள், சாந்தகுமார் உட்பட. ஆறவில்லை. “தேதியத்தான் குடுத்தாங்க. ஏழு வருசத்த யாரு குடுத்தாங்க?” என்றாள் தபீதாள்.

குடியிருப்புப் பெண்கள் காலையில் வரட்டியோடு வந்து நெருப்பு வாங்கிப்போவது வழக்கமாயிற்று. யாருக்கும் அவள் இல்லையென்றதில்லை. தேவானந்தம் ஐயர் வீட்டு வேலைக்காரி ரத்னம்மா வந்தால் மட்டும், கடையில் நெருப்புப்பெட்டி விற்கிறது, போய் வாங்கிக்கொள் என்று அனுப்பிவிடுவாள்.