ஏழு மணிக் கதவு

சுசீலாவுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்து பழக்கமில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட நிறுத்தத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். அப்படிப்பட்டவளுக்கென்றே ஒரு வேலை கிடைத்திருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஷர் குக்கர் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி அவளை ஊர் ஊராக அனுப்பியது. திருத்தணி, வேலூர், சித்தூர், காஞ்சிபுரம் என்று போய், பாத்திரக்கடை வாசலில் ஸ்டவ்வை மூட்டி, கூடி நிற்பவர்கள் பார்க்கச் சோறும் பருப்பும் வேகவைத்துக் காட்டுவாள். குக்கர் வெடித்துவிடும் என்று தள்ளி நிற்கிற பெண்கள், அவள் மூடியைத் திறக்கும்போது தோளை இடித்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள். அதற்குள் அவள் மனசு அடுத்த ஊருக்குப் போயிருக்கும்.

பெண்கள் வீட்டு வேலை முடித்துக் கடைத்தெருவுக்கு வருவது சாயங்காலம்தான். கூட்டம் கலைந்து, பாத்திரத்தைக் கழுவி, ரயிலைப் பிடித்து ஆவடியில் இறங்க ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அதைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. குவார்ட்டர்ஸில் அண்ணன் ரகுநாதன் வீடு இருந்தது. ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அப்பா, அம்மா போன பிறகு தங்கையைத் திண்டுக்கல்லிலிருந்து கூட்டிவந்து வைத்துக்கொண்டவன் அவன்தான். எந்நேரம் தட்டினாலும் அண்ணி பார்வதம் எழுந்து வந்து கதவைத் திறப்பாள், சோறு போடுவாள். சுசீலா சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள்.

எழுபத்திரண்டாம் வருஷம் கோடையில் ரகுநாதனுக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அவன் தங்கையிடம் விஷயத்தைப் போட்டு உடைத்துவிட்டான். கிளம்புவதற்குள் மரியாதையான ஒரு விடுதி கிடைத்தால் அவள் இங்கேயே வேலையில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு மூட்டை முடிச்சோடு அவர்களுடன் வந்துவிட வேண்டும்.

"அங்க வந்து நான் என்ன பண்றது அண்ணே?" என்றாள்.

"வீட்டுல இரு."

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் அண்ணனும் தங்கையும் அம்பத்தூரில் இருந்த, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதிக்குப் போனார்கள். சுத்தமான இடம். கிணற்றடியில் துணி காயவைக்கத் தனிக் கொடி, ஆளுக்கொரு இரும்புக் கட்டில், ரயில்நிலையம் கூப்பிடு தூரம். அதை நடத்துகிற ராணியம்மாள் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்து அனுப்பும்போது அந்த மிடுக்கைத் திருப்பி வாங்கிக்கொள்ள யாருக்கும் தைரியம் வரவில்லை போலும்.

"கேட் ஏழு மணிக்குப் பூட்டப்படும்" என்றார். "அதற்குமேல் வருகிற பெண் இங்கே இருக்க முடியாது. கம்பெனியில் நாற்காலி வேலை கேட்டுப் பாரம்மா. அப்புறம் வா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராம். புதிதாகக் கட்டின வீட்டின் மாடியில் பெண்களுக்கு மட்டும் அறை விடுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். வீட்டுக்காரி கன்னியம்மாவுக்குச் சுசீலாவைப் பிடித்துத்தான் இருந்தது. எத்தனை மணிக்கு வருவாய் என்று கேட்கும்வரை.

"ஒம்பதரை வண்டியா?" என்றாள் கன்னியம்மா. "எங்க ஊட்டுக்காரரும் செகண்ட் ஷிப்டு முடிச்சிட்டு அதே வண்டியிலதான் வந்துகினு கீறாரு. ரெண்டு பேரும் ஒண்ணா எறங்கி ஒரே ஊட்டுக்குள்ள பூந்தா தெருவுல இன்னா பேசுவாங்க? நீயே சொல்லு கண்ணு."

சுசீலாவுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அண்ணன் முகத்தைப் பார்த்ததும் இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

அயனம்பாக்கத்தில் நேர்மாறு. ஏரியை ஒட்டின வீடு, தனி வாசல், எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம், கேட்க ஆளில்லை. கடைசி பஸ் எட்டு மணிக்கு. அதற்குப் பிறகு கரைமேல் இருட்டில் நடந்துதான் வரவேண்டும். வாசல் திறந்திருந்து என்ன பிரயோசனம், வாசல்வரை வந்து சேர வழியில்லாதபோது? இது வெளியே போகாதவர்களுக்கான வீடு. பூந்தமல்லிப் பக்கம் சென்னீர்குப்பத்தில் பெங்களூர் சாலைமேல் ஒரு லாட்ஜ் இருந்தது. எந்நேரமும் பஸ் நிற்கும், எந்நேரமும் விளக்கு எரியும். ரகுநாதன் கீழே வரிசையாக நின்ற லாரிகளைப் பார்த்தான், மாடிப்படியில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான், திரும்பி நடந்தான்.

நேரத்தோடு தூங்குகிறவர்களுக்கு இடம் இருந்தது, குடும்பத்துக்கு இடம் இருந்தது, லாரிக்காரனுக்குக்கூட இடம் இருந்தது. ஊருக்குப் போய்விட்டு நேரங்கழித்துத் திரும்புகிற ஒரு பெண்ணுக்குக் கட்டில் போட இந்தப் பக்கத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. சுசீலா கம்பெனியில் நாற்காலி வேலையைப் பற்றி விசாரித்தாள். உற்பத்திப் பிரிவில் மூடிகளை எண்ணிக் கணக்கெழுத ஆள் தேவைதான் என்றார்கள். நாளெல்லாம் ஒரே ஜன்னல், ஒரே மூடிகள். நினைக்கும்போதே அவளுக்குக் கால் மரத்துப்போனது. ஆனால் ஜபல்பூருக்கு அது தேவலை என்றும் தோன்றியது. சாப்பிடும்போது எழுந்து எழுந்து போனாள். மூட்டை கட்டுகிற சாக்கில் கட்டின மூட்டையையே திரும்ப அவிழ்த்துக் கட்டினாள்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பார்வதம் அவளிடம் வந்து நின்றாள்.

"அந்த முதல் ஹாஸ்டலை எனக்குக் காட்டு" என்றாள்.

"எதுக்கு அண்ணி? அதான் முடியாதுன்னுட்டாங்களே."

"நான் பார்க்கலையில்ல. வா."

அண்ணி குவார்ட்டர்ஸை விட்டு வெளியே வருவதே அபூர்வம். ரேஷன் கடை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கோயில், அவ்வளவுதான். அம்பத்தூருக்கு ரயிலில் போகிற கொஞ்ச தூரமும் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. சுசீலா வேறு யோசனையில் இருந்தாள். திங்கட்கிழமை மேனேஜரிடம் நாற்காலி வேலைக்குச் சம்மதம் சொல்லிவிடுவது என்று ஏறக்குறைய முடிவு செய்திருந்தாள்.

விடுதியில் ராணியம்மாள் முன்பு சொன்னதையே மறுபடி சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. அப்போது வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. கையில் பெட்டியும் கலைந்த தலையுமாக ஒரு பெண் இறங்கினாள். விடுதி ஆயா குப்பம்மா ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"வா கண்ணு, மொகமெல்லாம் கரி. ராத்திரி பூரா முழிச்சிகினே வந்தியா? போயி குளி, காப்பி கொண்டாறேன்."

ராணியம்மாளும் எழுந்து, "கோயம்புத்தூரில் அம்மா சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு உட்கார்ந்தார்.

பார்வதம் அந்தப் பெண் உள்ளே போகிறவரை பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு ராத்திரி எங்க இருந்துச்சுங்க?"

"ரயிலில். ஊருக்குப் போய்விட்டு வருகிறாள்."

"தனியாவா?"

"ஆமாம். அதற்கென்ன?"

"ஒண்ணுமில்லைங்க. ராத்திரி வீட்டுக்கு வந்தா தப்பு, ராத்திரியே வராம காலையில வந்தா காப்பி குடுப்பீங்களான்னு கேட்டேன்."

ராணியம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "வெளியூர் போனவள் காலையில் வருவது வேறு" என்றார்.

"இவளும் வெளியூர்தாங்க போறா. வேலை முடிஞ்சு, வர்ற வழியில அரக்கோணத்துல இறங்கி, லேடீஸ் வெயிட்டிங் ரூம்ல பொம்பளைங்களோட படுத்துட்டு, விடிகாலை முதல் வண்டியில வந்துருவா. உங்க கேட்டை ஏழு மணிக்கே பூட்டிக்கங்க. யாரும் தட்ட மாட்டாங்க."

நாற்பது வருஷம் பெண்களுக்கு விதி சொல்லிக்கொண்டிருந்தவருக்கு இந்த விதியில் எங்கே ஓட்டை என்று தெரியவில்லை. குப்பம்மா காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"அந்தம்மா சொல்றதுல இன்னா தப்புக் கீதும்மா?" என்றாள். "காலையில நான்தான பாலுக்குக் கேட்டைத் தொறக்குறேன்."

"அண்ணன் நேரில் வந்து சம்மதம் சொல்லவேண்டும்" என்றார் ராணியம்மாள் கடைசியில். "அவர் சொன்னால் கட்டில் உண்டு."

சுசீலா திரும்பி வரும்போது ரயிலில் உட்காரவேயில்லை. இவ்வளவு நாளாக யாருக்கும் தோன்றாதது அண்ணிக்கு எப்படித் தோன்றிற்று என்று கேட்கவும் தோன்றாமல், படியோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டில் ரகுநாதன் கட்டில் சட்டங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான். சங்கதியைக் கேட்டதும் கயிற்றைக் கீழே போட்டான்.

"ஸ்டேஷன்ல படுத்து எந்திரிக்கிறதா? நம்ம வீட்டுப் பொண்ணா? அதெல்லாம் வேண்டாம். பேசாம ஜபல்பூர் வரட்டும். உனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

"எனக்கு ஒத்தாசை வேண்டாம்" என்றாள் பார்வதம்.

அவள் குரல் உயரவில்லை. ஆனால் கணவனுக்கு எதிரே அவள் நின்று பேசி சுசீலா பார்த்ததில்லை.

"நீங்க வேலைக்குப் போறீங்க, பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து நான் பார்த்தது இந்த ரெண்டு ரூம். ராத்திரி இவளுக்குக் கதவு திறக்கத்தான் முழிச்சிருக்கேன்னு நினைச்சீங்களா? கதவை ஒரு தட்டுத் தட்டினா நீங்ககூடத் திறப்பீங்க. வேலூர்க் கோட்டையில தண்ணி இருந்துச்சா, சித்தூர்ல தெலுங்கு எப்படிப் பேசினாங்க, காஞ்சிபுரத்துல எவ என்ன புடவை கட்டியிருந்தான்னு கேட்கத்தான் முழிச்சிருந்தேன். இவ பாதி நாள் அலுப்பா இருக்கு அண்ணின்னு படுத்துக்குவா. சொல்ற நாலு வார்த்தையை வச்சிக்கிட்டு மறுநாள் பூரா ஓட்டுவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவளையும் கொண்டுபோய் என் பக்கத்துல உட்கார வச்சா, ரெண்டு பேரும் சுவத்தைத்தான் பார்க்கணும். அவளாவது போகட்டும்."

ரகுநாதன் சட்டங்களையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. இப்படி ஓர் ஏக்கம் தன் வீட்டுக்குள் இருந்தது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

சுசீலாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தனக்குத்தான் காலில் சக்கரம் என்று நினைத்து எத்தனை கர்வப்பட்டிருக்கிறாள். அண்ணியைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆளாக மட்டுமே நினைத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"நாளைக்குப் போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றான் ரகுநாதன், யாரையும் பார்க்காமல்.

பார்வதம் சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி" என்றாள் சுசீலா. "வியாழக்கிழமை வேலூர்ல குக்கர் காட்டணும். நீங்களும் என்கூட வாங்க. கோட்டையைப் பார்த்துட்டு, ராத்திரி அரக்கோணத்துல தங்கிட்டு, காலையில வந்துரலாம்."

"வியாழக்கிழமையா?" என்றான் ரகுநாதன். "சனிக்கிழமை வண்டி. மூட்டை பாதி கட்டலை. பிள்ளைங்களை யார் பார்த்துக்கிறது?"

"அவங்க அப்பா" என்றாள் பார்வதம்.

சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போகவில்லை. கூடத்தில் கட்டிவைத்திருந்த பெரிய துணி மூட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, உள்ளே கைவிட்டு நல்ல புடவையைத் தேடத் தொடங்கினாள்.