பல்வலிக்காரர் காரில் இருக்கிறார்

மார்சேய் துறைமுகத்தை ஒட்டிய தியேட்டரில் மத்தியானக் காட்சி. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒனோரே காஸ்டெலான் மனைவி பிளாந்தீனோடு உட்கார்ந்திருந்தார். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் அதே ஊரில் நடந்த நகைக்கடைக் கொள்ளையை வைத்து எடுத்த படம். அந்த வழக்கில் கோட்டை விட்டவர் அவர்தான் என்பதால் ஆவலோடு வந்திருந்தார்.

படமோ சப்பென்று இருந்தது. போலீஸ்காரர்கள் சிகரெட் பற்றவைத்து ஜன்னலை வெறித்தார்கள். கொள்ளைக்காரர்கள் துப்பாக்கி எடுக்கும் முன் கால் மணி நேரம் தத்துவம் பேசினார்கள்.

"இவனுங்க பேசி முடிக்கறதுக்குள்ள கடைக்காரனே நகையை மூட்டை கட்டிக் குடுத்துருவான்," என்றாள் பிளாந்தீன்.

ஒனோரே சிரித்தார். அப்போது திரையில் கூட்டத்தின் தலைவனுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு ஆட்கள் பக்கம் திரும்பினான்.

"மீன் சந்தைக்குப் பின்னால சாம்பல் கார் நிக்குது. உள்ள இருக்கற இன்ஸ்பெக்டருக்குப் பல்வலி. கன்னத்துல கிராம்பை அடக்கிட்டு உக்காந்திருக்கான். பின்வாசல் வழியா போங்கடா."

தியேட்டரே சிரித்தது. ஒனோரே சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்தக் காரில் மறைந்து காவலிருந்தவர் அவர்தான்; உண்மையாகவே பல்வலி. கிராம்பு வாங்கி வந்து தந்தவன், கூடக் காவலிருந்த சக போலீஸ்காரன் சில்வேன் ரூவியே என்பவன். அதை அவர் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. காரில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது: காபி வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போன சில்வேன் வெறுங்கையோடு திரும்பினான்.

மறுநாள் காலை, இருவரும் வழக்கமாகக் குண்டெறிந்து விளையாடும் மரத்தடியில் சில்வேன் இரும்புக் குண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"படம் பாத்தியா?" என்று மட்டும்தான் ஒனோரே கேட்டார்.

"அந்தக் கிராம்பு விஷயமா? நான்தான்டா படத்துக்குக் கதை எழுதினவன்கிட்ட சொன்னேன். போன வருஷம் வந்தான், மீன் சூப் வாங்கிக் குடுத்தான், ஏதாவது வேடிக்கையா சொல்லுங்கன்னான். தப்பா?"

நம்பக்கூடிய பதில்தான். ஆனால் கிராம்பைப் பற்றி அவர் கேட்கவே இல்லையே. அன்று இரண்டு ஆட்டம் தோற்றார்.

பாரிஸில் இருந்த படத்தின் கதாசிரியரின் எண்ணைத் தேடிப்பிடிக்க மூன்று நாள் ஆயிற்று.

"போலீஸ்காரங்க யாரையும் நான் பாத்ததே இல்ல, ஐயா," என்றார் அந்த ஆள். "கதை முழுக்க அந்தக் கொள்ளைக் கூட்டத்துல இருந்து, ஜெயில்ல பதினோரு வருஷம் கழிச்சுட்டு வந்த ஒருத்தர் சொன்னது. போன் பண்ணினது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லல."

அன்று சாயங்காலமே ஒனோரே சில்வேன் வீட்டுக் கதவைத் தட்டினார். சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

"சூப் வாங்கிக் குடுத்தவன் பேர் என்னடா?"

சில்வேன் மேஜைத் துணியின் ஓரத்தை நீவினான்.

"என் மச்சான் அந்தக் கூட்டத்துல இருந்தான். அவங்க கையில இயந்திரத் துப்பாக்கி. அவங்க முன்வாசல் வழியா வந்திருந்தா, நீதான் முதல்ல கார்ல இருந்து இறங்கிக் குண்டை வாங்கியிருப்பே. அதான் போன் பண்ணினேன்."

"அதாவது என்னைக் காப்பாத்தினே?"

"ரெண்டு பேரையும்."

"அந்த வருஷமே தண்டனையா என்னைப் பாஸ்போர்ட் பிரிவுக்கு மாத்தினாங்களே. பக்கத்துலயே நின்னு தோளைத் தட்டினியே. அப்ப சொல்லியிருக்கலாமில்ல?"

"உயிரோட இருக்கியேன்னு நெனைச்சேன்டா."

மச்சானுக்காகவா, தனக்காகவா, பங்கு வாங்கிக்கொண்டா? அந்த முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது போலிருந்தது. ஒனோரே எழுந்து வந்துவிட்டார்.

பழைய அலுவலகத்துக்கு மூன்று பக்கம் எழுதினார். யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. கோப்பில் தன் பெயருக்கு எதிரே இருக்கும் 'கவனக்குறைவு' என்ற சொல்லை மட்டும் எடுக்கச் சொன்னார். மூன்று வாரத்தில் பதில் வந்தது. வழக்கு காலாவதியாகிவிட்டது, கோப்பைத் திருத்த வழியில்லை.

பிளாந்தீன் படித்துவிட்டு மடித்தாள்.

"சில்வேன் சொன்னதை நம்பறியா?"

"பாதி."

"எந்தப் பாதி?"

"அதுதான் நாளுக்கு நாள் மாறுது," என்றார் ஒனோரே.