பிலோமி திரும்பிப் பார்த்தாள்

"எம்புள்ளைக்கா காது கேக்கல? ஒங்க வாயி அழுகிப் போவும் யக்கா!"

ரோஸி போட்ட சத்தத்தில் மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பாதி வாசல்களில் தலைகள் முளைத்தன. மீதிப் பாதி ஏற்கெனவே வெளியேதான் நின்றது.

"சும்மா குதிக்காதட்டி," என்றாள் எதிர்வீட்டுச் சேசம்மாள். "வாசல்ல இருந்து அரிசி பொடைக்கையில தெனமும் பாக்கேன். 'போலீஸ் வாரான்'னு ஒருத்தன் கத்துனா மைதான்ல புள்ளைய எல்லாம் சிதறி ஓடுது. ஒம்மவ மத்ததுவ ஓடுதத பாத்துட்டுத்தான் ஓடுதா. கண்ணாமூச்சில கண்ணக் கட்டிவிட்டா, கைதட்டுற பக்கம் போவாம உக்காந்து அழுதா."

"வீட்ல தமிழ், தெருவுல ஹிந்தி, கொழாயடில மராத்தி. எதப் பேசன்னு புள்ள முழிக்கி. இதுக்குப் பேரு செவிடா?"

சேசம்மாளுக்குப் பிள்ளை மேல் பிரியம் பொங்கிவிடவில்லை. எந்தச் சேதியையும் தெருவுக்கு முதலில் சொன்னவள் என்ற பெயர் அவளுக்கு வேண்டும். ரோஸிக்கோ இந்தச் சேதி ஞாயிற்றுக்கிழமை வரை அமுங்கிக் கிடக்க வேண்டும். அன்றைக்குத்தான் நாத்தனார் செலினைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. அப்படிப்பட்டவர்கள், குடும்பத்தில் ஊமை உண்டா, செவிடு உண்டா என்று தெருவில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் காபியில் வாய் வைப்பார்கள். டாக்டரிடம் போகலாமா என்று ரோஸி கேட்டபோதே புருஷன் தனசீலன் அடித்துச் சொல்லிவிட்டான்: "எந்தங்கச்சி கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்காத."

"அப்ப கூப்புடு, பாப்பம்," என்றாள் சேசம்மாள்.

பிலோமி வாசலுக்கு எதிரே மைதானத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஓட்டாஞ்சல்லி அடுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாலைந்து பிள்ளைகள்.

"ஏட்டி பிலோமீ!"

எதிரே இருந்த பிள்ளைகள் தலை தூக்கி ரோஸியைப் பார்த்தன. பிலோமி அவர்கள் முகங்களைப் பார்த்தாள். அப்புறம்தான் திரும்பினாள்.

"பாத்தீங்களா!"

தெரு சிரித்தது. சேசம்மாள் முறத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ரோஸியும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குள் மகளைக் கூப்பிட அவள் பலகைத் தரையை ஓங்கி மிதிப்பாள். அந்த அதிர்வுக்குத்தான் பிள்ளை திரும்பும். அவள் கண்ணுக்கு, இப்போது மைதானத்தில் நடந்ததும் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வந்தவர்கள் கிளம்பும்வரை பிலோமியை மைதானத்திலேயே விட்டுவைத்தார்கள். ஈஸ்டர் கழிந்து செலின் கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பிறகு, அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும், அதுவரை புகுந்த வீட்டில் பேச்சு வர வேண்டாம் என்று இன்னும் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் பார்த்த டாக்டர், "முன்னாலேயே வந்திருந்தா காதுல மெஷின் வச்சுப் பேசப் பழக்கியிருக்கலாமேம்மா" என்றார்.

செலின் கல்யாண் ஸ்டேஷன் பக்கத்து ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். தாய்வீட்டுக்கு வந்தால் மகனை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாள். "பிலோமி கூட வெளையாடுனா இவனுக்கும் பேச்சு வராமப் போயிரும் மைனி."

அடுத்த மழைக்கு முன்பே, தெரு வாய்க்குத் தப்பி, ரோஸி குடும்பம் தொலைவில் இருந்த மான்குர்த்துக்குக் குடிபோனது. காலியான வீட்டில், கல்யாணம் முடித்த கையோடு சேசம்மாளின் மகன் குடியேறினான்.