கூட்டம் முடிந்த பிறகும் இருப்பவள்

1

இந்தக் கதை நான் ஒரு பொத்தானை அழுத்தாமல் விட்டதால் பிறந்தது. நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் கேவலமாக நினைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வாராவாரம் எங்கள் அலுவலகக் கூட்டம் காணொளியில் நடக்கும். என்னைப் போலச் சிலர் வீட்டிலிருந்து கலந்துகொள்வோம். மற்றவர்கள் அலுவலகத்தின் கூட்ட அறையில், சுவரில் மாட்டிய பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். மேலாளர் "சரி, பார்க்கலாம்" என்றதும் வீட்டிலிருப்பவர்கள் ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். நான் வெளியேறுவதில்லை. என் கேமராவும் மைக்கும் அணைந்திருக்கும், காது மட்டும் திறந்திருக்கும். அங்கே யாரும் அந்தத் திரையை அணைக்க மெனக்கெடுவதில்லை. நாற்காலிகள் நகரும், யாரோ இருமுவார், யாரோ சிரிப்பார். துணி மடித்துக்கொண்டே கேட்பேன்.

(ஒட்டுக்கேட்பது என்று சொல்லாதீர்கள். அந்தக் கூட்டத்துக்கு நானும் அழைக்கப்பட்டவள்தான்.)

2

கதையின் தொடக்கத்துக்கே படாத பாடு பட்டேன்.

"பெருந்தொற்றுக்குப் பிறகு உலகமே தன் கதவுகளை—" உலகத்தைப் பற்றி எனக்கென்ன தெரியும்? அடித்தேன்.

"அவள் ஒரு காலத்தில் ஊர்சுற்றியாக இருந்தாள்." அவளாம், அவள். யாரை ஏமாற்ற? இதையும் அடித்தேன்.

நேராகவே சொல்கிறேன். நானும் என் தோழியும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம். நசுங்கிய கார், ஒழுகிய கூரை, இவற்றின் படங்களைப் பார்த்து, நஷ்டஈடு கேட்பவர் சொல்வது நிஜமா புளுகா என்று முடிவு செய்வது எங்கள் வேலை. பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவளுக்கு நான் வைத்த பெயர் சூறாவளி. வேலை முடிந்து இரண்டு பேரும் நேராக வீட்டுக்குப் போனதாகச் சரித்திரமே இல்லை. கடைத்தெரு, சினிமா, ஒன்றும் அகப்படாவிட்டால் ஏதாவது ஒரு பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்புவோம்.

பிறகு எல்லோரையும் வீட்டில் அடைத்தார்கள். வேலைநாளின் மத்தியானத்தில் என் வீடு எப்படி இருக்கும் என்று அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை ஜன்னல் வெயில் மெல்ல ஃப்ரிட்ஜ் கதவில் ஏறும். தெருவில் சத்தம் அடங்கும். இப்படி ஓர் இடத்துக்கு இத்தனை வருஷம் வாடகை கொடுத்துவிட்டு எங்கே சுற்றிக்கொண்டிருந்தேன் என்று தோன்றியது. அடைப்பு நீங்கிய பிறகும் எனக்கு வெளியே போக மனம் வரவில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன் என்று கேட்டேன், சரி என்றார்கள். சூறாவளி கூப்பிடுவாள், தலைவலி என்பேன். மறுபடி கூப்பிடுவாள், துணி ஊறப்போட்டிருக்கிறேன் என்பேன். ஒரு கட்டத்தில் கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் கோபம் அவளுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது.

3

அடுத்த பாத்திரம், என் இருக்கைக்கு வந்த புதியவள்.

முதல் வரைவில் அவளுக்குக் கீச்சுக்குரல் கொடுத்தேன். இரண்டாவதில் கோணல் பல்லும் சேர்ந்தது. ஆத்திரம் தீராமல், அடுத்தவர் சாப்பாட்டு டப்பாவில் கைவைக்கும் பழக்கத்தையும் கொடுத்தேன். படித்துப் பார்த்தால் மனுஷி மாதிரியே இல்லை. நிஜத்தில் அவள் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. பல்லைத் திரையில் பெரிதாக்கியே பார்த்துவிட்டேன். வரிசையாக இருக்கிறது, பாவி.

என் நாற்காலியில் உட்காரட்டும், அது அலுவலகத்துச் சொத்து. ஆனால் சூறாவளியோடு கடைசி நிறுத்தம் வரை பேருந்தில் போகிறாள்.* வயிறு எரிகிறது. வேறு நல்ல வார்த்தை தேடினேன், இல்லை.

* எப்படித் தெரியும் என்கிறீர்களா? கூட்டம் முடிந்த பிறகு பேசிக்கொண்டார்கள். காது திறந்திருக்கும் என்று சொன்னேனே.

என் கணவரிடம் புலம்பினேன்.

"போயேன். யாரு உன்னைக் கட்டிப்போட்டா?"

"எனக்குப் போக வேண்டாம்."

"அப்புறம் என்னதான் வேணும்?"

"அவ என்னைக் கூப்பிடணும்."

"கூப்பிட்டா போவியா?"

"தெரியல. மாட்டேன்னு நினைக்கிறேன்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். இந்தக் கதைக்கு வரப்போகும் முதல் விமர்சனமும் இப்படித்தான் இருக்கும்.

4

இந்த இடத்தில் புதியவள் சூறாவளியிடம் பேசுவதாக ஒரு வசனம் எழுதியிருந்தேன்: "எப்பப் பாரு அவங்களப் பத்தியே பேசறீங்கக்கா. எனக்குப் பொறாமையா இருக்கு."

திரும்பத் திரும்பப் படித்தேன், தேனாக இனித்தது. அத்தனையும் புளுகு. யாரும் அப்படிப் பேசவில்லை. தன் கூரையைத் தானே உடைத்துவிட்டு நஷ்டஈடு கேட்பவர்களைத் தினமும் பார்க்கிறவள் நான். அடித்துவிட்டேன்.

நடந்தது இதுதான். போன கூட்டம் முடிந்து அறையில் அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள். நான் தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தேன். புதியவள் ரிமோட்டை எடுத்தாள்.

"அக்கா, இது ஓடிட்டே இருக்கு. அணைச்சிடவா?"

"வேண்டாம், விடு."

"சும்மாதானே ஓடுது?"

"அவ இருக்கா."

"யாரு?"

"மூலையில பேரு தெரியுது பாரு. எல்லாரும் போனப்புறமும் அது மட்டும் நிக்கும். வாராவாரம் இப்படித்தான். அதனாலதான் நான் அணைக்கிறதே இல்ல."

தலையணை உறையைக் கீழே வைத்தேன். அணைக்கச் சோம்பல்படுகிறார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பொய்ப் படங்களில் நிழல் விழும் திசையைக்கூடக் கண்டுபிடிக்கும் எனக்கு, என் பெயர் அங்கே எழுத்தெழுத்தாகத் தெரியும் என்பது தோன்றவேயில்லை.

சூறாவளி திரையின் பக்கம் திரும்பினாள். "ஏய், நாளைக்கு வேலை முடிஞ்சு கிளம்பறோம். நீயும் வாடீ."

கூப்பிட்டுவிட்டாள்.

5

கதைக்கு நான் யோசித்த முடிவுகள்.

அ) மைக்கைத் திறந்து "வர்றேன்" என்கிறேன். மறுநாள் மூன்று பேரும் பேருந்தில்— (மூன்று பேர். இதை எழுதும்போதே கை நின்றுவிட்டது.)

ஆ) "தலைவலி" என்கிறேன். வீட்டில் வெயில் வழக்கம்போல ஃப்ரிட்ஜ் கதவில் ஏறுகிறது. பார்க்கப் பிடிக்கவில்லை.

இ) சட்டென்று வெளியேறுகிறேன். திரையில் என் பெயர் மறைவதை அவர்கள் பார்க்கிறார்கள். இப்படி முடித்தால் பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அதற்குப் பிறகு சூறாவளி அந்தத் திரையை ஒவ்வொரு வாரமும் அணைத்துவிடுவாளே.

நான் எதுவும் செய்யவில்லை. சூறாவளி காத்திருந்து பார்த்தாள். "சரி, யோசிச்சு சொல்லு" என்று எழுந்து போனாள். அந்தக் குரலில் கோபமிருந்தால் தாங்கியிருப்பேன், அலுப்புதான் இருந்தது. இதற்குமேல் அவள் கூப்பிடமாட்டாள்.

புதியவள் போகவில்லை. திரைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை வாங்களேன். பஸ்ல என்னை ஜன்னலோரம் உக்கார விடமாட்டேங்கறாங்க. அது உங்க இடமாம்."

சத்தியமாக இதை நான் எழுதவில்லை, அவள்தான் சொன்னாள். நான்காம் பகுதியில் புளுகிவிட்டு இங்கே சத்தியம் செய்தால் நீங்கள் எப்படி நம்புவீர்கள்? நம்ப வேண்டாம். பதில் மட்டும் சொல்லுங்கள். இவ்வளவு தூரம் படித்திருக்கிறீர்கள் என்றால் நீங்களும் இன்றைக்கு வெளியே எங்கும் போகவில்லை என்றுதான் அர்த்தம். என் நிலைமை உங்களுக்குத் தெரியும்.

மைக்கின் மேல் விரலை வைத்திருக்கிறேன். அவள் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். திறக்கவா, வேண்டாமா? சீக்கிரம் சொல்லுங்கள், இவளை எனக்குப் பிடித்துப்போய்விடும் போலிருக்கிறது.