மாடி வீட்டுக்குப் போன எழுத்து

குமணன்சாவடி கடையிலிருந்து கொண்டுவந்த பையை வெற்றிச்செல்வன் கட்டிலில் கவிழ்த்தான். டேப்லெட்டுக்கு ஓர் உறை, ஒரு பேனா. மகள் கார்த்திகாவின் படிப்புக்கென்று சொல்லித்தான் டேப்லெட்டை வாங்கினார்கள். ஆனால் அவள் வேலப்பன்சாவடியில் கல்லூரிக்குப் போன பிறகு பகலெல்லாம் அது வனஜாவின் கையில் இருந்தது. ராத்திரி கிரிக்கெட் இருந்தால் வெற்றிச்செல்வனுடையது.

"போட்டுப் பாரு. ஒத்து வரலன்னா திருப்பிக் குடுத்துடலாம்னு கடைக்காரரு சொல்லிக்கீறாரு" என்றுவிட்டு அவன் குளிக்கப் போனான். திருமழிசைக் கம்பெனியில் நாள் முழுக்கச் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிட்டு வந்த அலுப்பு.

வனஜா டேப்லெட்டை உறைக்குள் செருகினாள். படம் தெரிந்தது. மூடியைப் பின்னால் மடித்தாள், திரை இருண்டது. விரித்தாள், வெளிச்சம் வந்தது. மறுபடி மடித்தாள், மறுபடி இருட்டு. மூடிக்குள் இருக்கும் காந்தத்தின் வேலை அது என்று தெரியாமல், கெடுத்துவிட்டோமோ என்று பயந்தாள். உறையைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

பேனாவை எடுத்தாள். முனையில் கண்ணாடி மாதிரி வட்டமாக ஒரு பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அதுதான் திரையில் எழுதும் முனை என்று தெரியாமல், கடைக்காரன் பிரிக்காமல் விட்ட பொட்டலத்தாள் என்று நினைத்து அதை நகத்தால் பிய்த்து எறிந்தாள். பிறகு 'வ' எழுதிப் பார்த்தாள். ஒரு கோடுகூட விழவில்லை. அழுத்தினாள், தேய்த்தாள், தலைகீழாகப் பிடித்தாள். இது வேலை செய்யாத பேனாவா, தனக்குத்தான் பிடிக்கத் தெரியவில்லையா என்று புரியவில்லை.

மிச்சம் இருந்தது கீபோர்டு. மாடி வீட்டு வசந்தகுமாரி அக்கா காலையில் கொடுத்தது. "எம் பையன் வாங்கிக் குடுத்தான். எனக்கு டேப்லெட்டுல விரலாலயே அடிச்சுப் பழகிருச்சு. உங்க வீட்டுக்கு ஆகுதான்னு பாரு" என்று சொல்லியிருந்தாள்.

சுவிட்சைத் தள்ளினாள். நீல விளக்கு எரிந்தது. அப்பாடா, இதாவது உயிரோடு இருக்கிறதே. கல்யாணத்துக்கு முன்னால் பூந்தமல்லியில் டைப்ரைட்டிங் படித்து, லோயர் பரீட்சையில் தேறியவள் அவள். விரல்கள் தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்தன. டேப்லெட்டில் எழுத்து ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் என்ன, தட்டுவது நன்றாக இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துக்கொண்டே போனாள். மகள் பேர், தன் பேர். 'லோயர் பாஸ்.' 'எனக்கு ஒரு வேலை வேண்டும்.' பழைய மெஷினில் வரி தள்ளிய பழக்கத்தில், ஒவ்வொரு வரி முடிந்ததும் ஓரத்துப் பெரிய என்டர் விசையை ஒரு தட்டு தட்டினாள்.

வெளியே படியில் தடதடவென்று சத்தம். வசந்தகுமாரி தன் டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

"வனஜா, இதுக்குள்ள யாரோ புகுந்துட்டாங்க போல. குரூப்பைத் தெறந்து வச்சிட்டு அடுப்பைப் பாக்கப் போனேன். திரும்பி வந்தா தன்னால எழுதுது! அதுவும் ஒம் பேரை!"

அந்தக் குடியிருப்பில் உள்ள எல்லாருக்குமான குரூப் அது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே, வசந்தகுமாரியின் பேரில், வரி வரியாக நின்றது: கார்த்திகா. வனஜா. லோயர் பாஸ். எனக்கு ஒரு வேலை வேண்டும்.

வனஜா அதைப் படித்தாள். தன் டேப்லெட்டைப் பார்த்தாள், அதில் ஒன்றுமில்லை. அக்காவுடையதைப் பார்த்தாள், எல்லாம் இருந்தது. தன் திரையில் விழாததை அக்கா எப்படிப் படித்தாள்?

துண்டோடு வெளியே வந்த வெற்றிச்செல்வன் எட்டிப் பார்த்தான். "இன்னாது, வேலையா? யாருக்கு?"

அந்த நேரத்தில்தான் கார்த்திகா தோளில் பையோடு உள்ளே நுழைந்தாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவள் கட்டிலில் கிடந்த கீபோர்டைப் பார்த்தாள், அக்காவின் டேப்லெட்டைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"மா, இது இன்னும் ஆன்ட்டி டேப்லெட்டோடதான் வயர் இல்லாமலே சேந்துகினு கீது. நீ இங்க அடிச்சா மேல விழும், என்டர் தட்னா குரூப்புக்கே பூடும். முதல்ல கீபோர்ட ஆன்ட்டியோடதுலேர்ந்து பிரிச்சிட்டு அப்புறம்தான் நம்மளுதுல சேக்கணும்."

"நடுவுல காங்க்ரீட் கூரை இருக்கேடி!" என்றாள் வசந்தகுமாரி.

"அதெல்லாம் தாண்டிப் போவும் ஆன்ட்டி."

விளக்கம் புரிந்தபோது வனஜாவுக்கு இன்னும் மோசமாக இருந்தது. பேய் எழுதியதென்றால்கூட தப்பித்திருக்கலாம்.

வெற்றிச்செல்வன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். "வேலைக்குப் போவணும்னா எங்கிட்ட சொல்லிருக்கலாமே. நான் இன்னா, வேணாம்னா சொல்லப் போறேன்?"

"சொல்லணும்னு தோணவேயில்லீங்க. எழுத்து வரலயேன்னு சும்மா தட்னேன். கை அப்டி அடிச்சிச்சு."

"அப்ப வேணுமா, வேணாமா?"

"தெரியலயே."

உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. அந்த வரியை அடித்து முடிக்கும்வரை அப்படி ஓர் ஆசை தனக்குள் இருந்ததை அவள் அறிந்தவளில்லை.

அப்போது குரூப்பில் பதில் வந்தது. கீழ்வீட்டு முகமது இஸ்மாயில். பூந்தமல்லியில் அச்சுக்கடை வைத்திருப்பவர். 'டைப் அடிக்கத் தெரிந்தால் நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லுங்க.' அதன் கீழேயே இன்னொருவர், 'லாரி வருமா வராதா?' என்று கேட்டிருந்தார்.

"என்ன போட?" என்று வசந்தகுமாரி கேட்டாள். தன் டேப்லெட்டை வனஜாவின் முன்னால் நிறுத்தினாள். "நீயே போடு. அதான் இன்னும் சேந்திருக்கே."

வனஜா கணவனைப் பார்த்தாள். அவன் முகத்தில் கோபம் இருந்ததா, வருத்தம் இருந்ததா, கண்டுபிடிக்க முடியவில்லை. கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, இந்த முறை திரையைப் பார்த்தபடியே அடித்தாள்: வருகிறேன்.

பெரிய விசையைத் தட்டியதும் கீபோர்டை மடியிலிருந்து எடுத்துக் கட்டிலில் வைத்தாள். உள்ளுக்குள் இருப்பது சந்தோஷமா, பயமா?

வெற்றிச்செல்வன் குனிந்து அந்த ஒரு வார்த்தையைப் படித்தான். துண்டால் தலையைத் துவட்டினான்.

"இஸ்மாயில் பாய் கடை பூந்தமல்லில எந்தப் பக்கம் கீது?" என்று கேட்டான்.

அதுவும் அவளுக்குத் தெரியவில்லை.