முக்காட்டுப் பூ

முக்காட்டுப் பூவைப் பார்க்க மண்டியிட வேண்டும். அகன்ற இலைகளை விலக்கி, சருகையும் ஒதுக்கினால்தான் காய்ந்த ரத்த நிறத்தில் அந்தச் சின்னக் கிண்ணம் தென்படும். பூவுக்கு வாசமில்லை. வேருக்குத்தான் இஞ்சியையும் மிளகையும் சேர்த்து நசுக்கினாற்போல் மணம். அதுவே அதற்கு எமனானது. தைலக்காரர்கள் தோண்டித் தோண்டி, கடைசியில் ஓடைச் சரிவு ஒன்றில் மட்டும் மிஞ்சியது.

அந்த இடம், வனத்துறையில் செடிகளைக் கணக்கெடுக்கும் அக்காவுக்கும் அந்தக் காட்டுக் காவல்காரருக்கும் மட்டுமே தெரியும். வேலை பார்த்த மரப்பட்டறை மூடியதிலிருந்து எட்டு மாதமாக அவள் தம்பி முகம் கொடுத்துப் பேசாமல் வீட்டில் கிடந்தான். மனசு மாறட்டுமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை அங்கே கூட்டிப்போனாள்.

"இதுக்காக்கா இந்த அலைச்சல்? கத்திரிக்காய்க் காம்பு மாதிரி இருக்கு!"

சிரித்தான். அவன் சிரித்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

மூன்று வாரம் கழித்துப் போனபோது சரிவெங்கும் குழிகள். வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும் அந்த மணம் மூக்கில் அடித்தது. தம்பியின் கட்டிலுக்கடியில் ஈரச் சாக்கு.

"நீயாடா?"

அவன் மறைக்கவில்லை. "எத்தனை நாள்க்கா உன் கையை எதிர்பார்த்து உக்காந்திருக்கிறது? தைலக்காரர் வேலை போட்டுத் தர்றேன்னார். வெறும் வேருதானே?"

"அது பூக்க ஏழு வருஷம் ஆகும்டா."

அம்மா குறுக்கே வந்தாள். "திருப்பி நட்டுட்டாப் போச்சு. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும்மா."

அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில், தோண்டியது 'யாரோ' என்று அக்கா எழுதினாள். எழுதியதும் காவல்காரர் நினைவுக்கு வந்தார். பழி நேராக அவர் தலையில்தான் விடியும். தாளைக் கிழித்துவிட்டு, தம்பி பெயரையும், அவனைக் கூட்டிப்போனவள் என்று தன் பெயரையும் எழுதினாள்.

அவனுக்கு ஆறு மாதம் சிறை. அவளைக் காட்டுப் பக்கமே விடாமல் அலுவலக மேசைக்கு மாற்றினார்கள். சாக்கிலிருந்த வேர்களைக் காவல்காரர் திரும்ப நட்டார். பத்தொன்பது துளிர்த்ததாகச் சொல்லியனுப்பினார். அம்மா வேளாவேளைக்குச் சோறு போட்டாள். பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள்.

சிறையிலிருந்து வந்தவன் வீட்டுக்கு வராமல் வேறு ஊருக்குப் போனான். ஒருநாள் அம்மாவுக்கு ஃபோன் செய்தான்.

"பக்கத்துலதான் இருக்கா. குடுக்கட்டுமாப்பா?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அம்மா ஃபோனைக் காதிலிருந்து எடுத்து, அதையே சற்று நேரம் பார்த்தாள்.

"வெச்சுட்டான்."

பல மாதங்களுக்குப் பிறகு அம்மா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.