இருபத்தைந்தாம் நிமிடக் கோடு

மூன்று வாரக் காய்ச்சலில் வெல்டர் பாதியாக இளைத்திருந்தார். எச்.ஐ.வி. மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடமாகிறது என்பதை வார்டில் படுத்தபிறகுதான் அக்காவிடம் சொன்னார். அவள் டம்ளரை நிரப்பி நீட்டினாள். "முதல்ல தண்ணியக் குடி" என்றாள்.

இருமல் இல்லை. கஷ்டப்பட்டு எடுத்த சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். டைபாய்டு மருந்துக்குக் காய்ச்சல் அசையவில்லை. ரத்தத்தைப் பாட்டிலில் ஊற்றிக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். முடிவு தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம்.

போன மாதம் இதே வார்டில் இருந்த ஒரு தையல்காரியின் ரத்தப் பாட்டில் இருபத்துநான்காம் நாள் கிருமியைக் காட்டியது. அவள் ஒன்பதாம் நாளே இறந்திருந்தாள். அந்த முடிவைப் பதிவேட்டில் எழுதிய லேப் டெக்னீஷியன், இந்த முறை மாடியேறி வார்டுக்கே வந்தாள்.

"சார், இவருக்கு யூரின்ல பாத்துடலாமா?"

"சளியிலயே இல்ல. யூரின்ல என்னம்மா வரப்போகுது?"

"எதிர்ப்பு சக்தி இவ்வளவு விழுந்தவங்களுக்குக் கிருமி நெஞ்சோட நிக்காது சார். ரத்தத்துல பரவிடும். பரவியிருந்தா அதோட துகள் யூரின்ல வரும்."

டாக்டர் சரியென்று தலையசைத்தார்.

யூரின் சொட்டுவிட்ட அட்டைப் பட்டையைப் பார்த்து அக்கா, "கர்ப்பமான்னு பாக்குற மாதிரில்ல இருக்கு" என்றாள்.

"பொறந்தா உனக்கு மருமகன்க்கா" என்றார் வெல்டர். சிரித்ததில் மூச்சு வாங்கியது.

இருபத்தைந்து நிமிடம் கழித்து முதல் கோடு பளிச்சென்று இருந்தது. காசநோய் இருந்தால் மட்டும் வரும் இரண்டாவது கோடு, பென்சிலால் கிழித்து அழித்ததுபோல.

"எனக்கு ஒண்ணுதான் தெரியுது" என்றார் டாக்டர்.

டெக்னீஷியன் ஒப்பிட்டுப் பார்க்கும் அட்டையைப் பக்கத்தில் வைத்து ஜன்னலோரம் நகர்த்தினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஆமா, இருக்கு."

அன்றே காசநோய் மாத்திரை தொடங்கியது. முதல் வாரம் சாப்பிட்டதெல்லாம் வாந்தி. இரண்டாம் வாரம் காய்ச்சல் இறங்கியது, எச்.ஐ.வி. மாத்திரையையும் சேர்த்தார்கள். பத்தொன்பதாம் நாள் பாட்டிலிலும் கிருமி வளர்ந்தது. அதற்குள் அவர் சுவரைப் பிடிக்காமல் கழிவறை போய்வந்தார்.

வீட்டுக்குக் கிளம்பும்போது, "மச்சான்கிட்ட சொல்லிடாதக்கா" என்றார்.

"நான் எதுக்கு வாயத் தொறக்கப்போறேன்?" மாத்திரைப் பையைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டாள் அக்கா. "தினம் காலைல என் கண்ணு முன்னாடி முழுங்கு. அது போதும்."